பாக்டீரியாக்களில் மரபணுத் தன்னொழுங்காக்கம்

பாக்டீரியாக்களில் மரபணுத் தன்னொழுங்காக்கம் என்பது, டி.என்.ஏ.யுடன் பிணைந்து மரபணுக்களை இயக்கும் அல்லது நிறுத்தும் ஒரு புரதம், தன்னை உருவாக்கும் மரபணுவையும் தானே கட்டுப்படுத்தும் முறை ஆகும். இத்தகைய புரதங்கள் ஒழுங்காக்கிப் புரதங்கள் எனப்படுகின்றன. நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பலவற்றில் நச்சு, ஒட்டும் இழைகள், திசுக்களைச் சிதைக்கும் நொதிகள் ஆகியவற்றுக்கான மரபணுக்களும் இதே புரதங்களின் கட்டுப்பாட்டில் உள்ளன. ஆகவே, ஒரு பாக்டீரியா எப்போது தீங்கற்று இருக்கும், எப்போது நோய் உண்டாக்கும் என்பதைத் தீர்மானிப்பதில் தன்னொழுங்காக்கத்துக்கு முக்கிய பங்கு உண்டு.

பாக்டீரியாவைக் கொல்லாமல், அதன் நோயுண்டாக்கும் திறனை மட்டும் முடக்கும் மருந்துகளைத் தேடும் ஆய்வுகள் இப்புரதங்களை இலக்காகக் கொண்டுள்ளன. இந்தியாவில் புது தில்லி, சண்டிகர் ஆகிய இடங்களில் காசநோய்க் கிருமியின் ஒழுங்காக்கிப் புரதங்களும், தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டத்திலுள்ள காரைக்குடியில் எண்ணிக்கை உணர்தலைத் தடுக்கும் பொருட்களும் ஆராயப்பட்டுள்ளன.

பின்னணி

ஒரு பாக்டீரியா தன்னிடமுள்ள எல்லா மரபணுக்களையும் எல்லா நேரங்களிலும் பயன்படுத்துவதில்லை. எடுத்துக்காட்டாக, மனிதக் குடலில் வாழும் எஷரிக்கியா கோலை (ஈ. கோலை) பாக்டீரியாவில் ஏறத்தாழ 4,300 மரபணுக்கள் உள்ளன. இவற்றைக் கட்டுப்படுத்த ஏறத்தாழ 300 ஒழுங்காக்கிப் புரதங்கள் உள்ளன. தேவையற்ற புரதங்களை உருவாக்குவது ஆற்றலை வீணாக்கும். அவ்வாறு வீணாக்கும் உயிரணு, வீணாக்காத உயிரணுக்களுடனான போட்டியில் பின்தங்கிவிடும்.

ஒரு மரபணுவுக்கோ ஒன்றாகப் படியெடுக்கப்படும் மரபணுக்களின் வரிசைக்கோ முன்னால் தொடக்கப் பகுதி என்னும் டி.என்.ஏ. துண்டு உள்ளது. ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்னும் நொதி இங்கு வந்து அமர்ந்த பின்னரே மரபணு படியெடுக்கப்படுகிறது. ஒழுங்காக்கிப் புரதம் இப்பகுதியிலோ அதற்கு அருகிலோ பிணைகிறது. அது நொதியின் வழியை மறித்தால் ஒடுக்கி எனவும், நொதி அமர்வதற்கு உதவினால் தூண்டி எனவும் அழைக்கப்படுகிறது. ஒரே புரதம் ஓரிடத்தில் ஒடுக்கியாகவும் வேறோர் இடத்தில் தூண்டியாகவும் செயற்படுவது உண்டு.

மரபணுக்கள் இவ்வாறு கட்டுப்படுத்தப்படுகின்றன என்னும் கருத்தை 1961-இல் பிரான்சு நாட்டு அறிவியலாளர்களான பிரான்சுவா ஜேக்கப், ஜாக் மோனோ ஆகியோர் முன்வைத்தனர். இவர்களுக்கும் ஆந்த்ரே லுவோஃப் என்பவருக்கும் 1965-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1966-இல் வால்டர் கில்பர்ட், பென்னோ மியுல்லர்-ஹில் ஆகியோர் லாக் ஒடுக்கியைப் பிரித்தெடுத்தனர். 1967-இல் மார்க் டாஷ்னி லாம்டா என்னும் பாக்டீரியத் தின்னியின் ஒடுக்கியைப் பிரித்தெடுத்து, அது டி.என்.ஏ.யில் குறிப்பிட்ட இடத்தில் பிணைவதைக் காட்டினார்.

ஒழுங்காக்கிப் புரதமும் ஒரு மரபணுவிலிருந்தே உருவாகிறது. அப்படியானால் அந்த மரபணுவைக் கட்டுப்படுத்துவது எது என்னும் கேள்வி எழுகிறது. பல நேரங்களில் அதற்கு விடை அப்புரதமே என்பதாகும்.

தன்னொழுங்காக்கத்தின் வகைகள்

எதிர்ப் பின்னூட்டம்

புரதம் தன் மரபணுவின் தொடக்கப் பகுதியில் பிணைந்து, மேலும் தான் உருவாவதைத் தடுத்தால் அது எதிர்ப் பின்னூட்டம் ஆகும். மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியில் உள்ள மிதவையை இதற்கு ஒப்பிடலாம். நீர்மட்டம் உயர்ந்தால் மிதவை குழாயை அடைக்கிறது. மட்டம் இறங்கினால் திறக்கிறது. அதுபோல, புரதத்தின் அளவு கூடினால் உற்பத்தி குறைகிறது. அளவு குறைந்தால் உற்பத்தி கூடுகிறது.

இதனால் இரண்டு நன்மைகள் விளைகின்றன. முதலாவது, உயிரணுவுக்கு உயிரணு புரத அளவில் காணப்படும் ஏற்ற இறக்கம் குறைகிறது. இது 2000-இல் அட்டிலா பெச்கெய், லூயிஸ் செரானோ ஆகியோரின் சோதனையில் காட்டப்பட்டது. இரண்டாவது, புரதம் தேவையான அளவை விரைவாக அடைகிறது. தொடக்கத்தில் வேகமாக உற்பத்தி செய்து, அளவு நிறைந்ததும் தானாகக் குறைத்துக்கொள்வதே இதற்குக் காரணம். இதனை 2002-இல் யூரி ஆலோன் குழுவினர் ஈ. கோலை பாக்டீரியாவில் அளந்து காட்டினர்.

டி.என்.ஏ. சேதமடையும்வரை பழுதுபார்க்கும் மரபணுக்களை ஒடுக்கி வைத்திருக்கும் லெக்ஸ்ஏ, உயிரணுவில் இரும்பின் அளவைக் கண்காணிக்கும் ஃபர் ஆகியன தம் மரபணுக்களைத் தாமே ஒடுக்கும் புரதங்களுக்கு எடுத்துக்காட்டுகளாகும். மனித உடலில் கட்டற்ற இரும்பு மிகக் குறைவு. எனவே இரும்புத் தட்டுப்பாடு என்பது பாக்டீரியாவுக்கு 'உடலுக்குள் வந்துவிட்டோம்' என்பதற்கான ஓர் அடையாளமாக அமைகிறது. தொண்டை அடைப்பான் நோயை உண்டாக்கும் பாக்டீரியாவிலும், இரும்பு குறைந்தவுடன் டிடிஎக்ஸ்ஆர் என்னும் ஒடுக்கி டி.என்.ஏ.யை விட்டு விலக, நச்சு உற்பத்தி தொடங்குகிறது.

நேர்ப் பின்னூட்டம்

புரதம் தன் மரபணுவைத் தானே தூண்டினால் அது நேர்ப் பின்னூட்டம் ஆகும். திருவிழாப் பந்தலில் ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக்கு அருகில் கொண்டுசென்றால், சிறு ஓசையும் பெருகிப் பெருகி அலறலாக மாறுவதைக் காணலாம். நேர்ப் பின்னூட்டமும் இத்தகையதே. சிறிதளவு புரதம் மேலும் புரதத்தை உண்டாக்க, அது இன்னும் அதிகப் புரதத்தை உண்டாக்குகிறது.

இதன் விளைவாக, மரபணு 'முழுவதும் இயக்கம்' அல்லது 'முழுவதும் நிறுத்தம்' என்னும் இரு நிலைகளில் ஒன்றை அடையக்கூடும். தொடங்கி வைத்த தூண்டுதல் நீங்கிய பின்னரும் இயக்கநிலை சிறிது காலம் நீடிக்கலாம். ஒரே மரபணுத் தொகுதியைக் கொண்ட பாக்டீரியாக்களில் சில நச்சை உருவாக்குவதும், அருகிலுள்ள வேறு சில உருவாக்காமல் இருப்பதும் இவ்வகையில் நிகழலாம்.

கலப்பு முறை

லாம்டா ஒடுக்கி குறைந்த செறிவில் தன் மரபணுவைத் தூண்டுகிறது. மிகுந்த செறிவில் அதனையே ஒடுக்குகிறது. டி.என்.ஏ.யில் அது பிணையும் இடங்கள் வெவ்வேறு வலிமை உடையவையாக அடுத்தடுத்து அமைந்திருப்பதே இதற்குக் காரணம் ஆகும்.

நோயுண்டாக்கும் திறனுடன் தொடர்பு

காலரா

காலராவை உண்டாக்கும் விப்ரியோ காலரே பாக்டீரியாவை ராபர்ட் காக் 1884-இல் கொல்கத்தாவில் ஆராய்ந்தார். அது நச்சு ஒன்றைச் சுரந்தே குடலிலிருந்து நீரை வெளியேறச் செய்கிறது என்பதை, அதே நகரைச் சேர்ந்த சம்பு நாத் டே முயல்களின் குடலில் செய்த சோதனைகள் மூலம் 1959-இல் நிறுவினார்.

இப்பாக்டீரியா தன் வாழ்நாளின் பெரும்பகுதியை கழிமுகங்களிலும் கடலோர நீரிலும் நுண்ணுயிர்களின் மேல் ஒட்டி வாழ்ந்து கழிக்கிறது. அங்கு நச்சுக்குத் தேவை இல்லை. குடலை அடைந்த பின்னரே நச்சு மரபணுக்கள் இயங்குகின்றன. இதனைக் கட்டுப்படுத்தும் டாக்ஸ்ஆர் புரதத்தின் மரபணுவை 1984-இல் வர்ஜீனியா மில்லர், ஜான் மெக்கலானோஸ் ஆகியோர் கண்டறிந்தனர். டாக்ஸ்ஆர் உயிரணுச் சவ்வில் பதிந்திருக்கும் புரதம் ஆகும். அதன் ஒரு முனை வெளிப்புறத்தை உணர, மறுமுனை டி.என்.ஏ.யுடன் பிணைகிறது.

டாக்ஸ்ஆர், டிசிபிபி ஆகிய இரண்டும் சேர்ந்து டாக்ஸ்டி என்னும் மற்றொரு ஒழுங்காக்கியின் மரபணுவை இயக்குகின்றன. டாக்ஸ்டி, காலரா நச்சின் மரபணுக்களையும் குடற்சுவரில் குடியேற உதவும் இழைகளின் மரபணுக்களையும் தூண்டுகிறது. டாக்ஸ்டி மரபணு அவ்விழை மரபணுக்களின் வரிசைக்குள்ளேயே அமைந்துள்ளது. எனவே டாக்ஸ்டி இழை மரபணுக்களைத் தூண்டும்போது, அந்தப் படியெடுப்பு தொடர்ந்து சென்று டாக்ஸ்டி மரபணுவையும் இயக்கிவிடுகிறது. இவ்வாறு ஒரு நேர்ப் பின்னூட்டச் சுற்று உருவாகிறது.

காசநோய்

உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ கால் பங்கினர் இந்தியாவில் உள்ளனர். காசநோய்க் கிருமியான மைக்கோபாக்டீரியம் டியூபர்குளோசிஸ் உடலுக்குள் பல ஆண்டுகள் உறக்கநிலையில் இருக்க வல்லது. உறக்கநிலையில் உள்ள கிருமிகளை மருந்துகளால் எளிதில் அழிக்க முடிவதில்லை. சிகிச்சை பல மாதங்கள் நீடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகும்.

புது தில்லியிலுள்ள அனைத்திந்திய மருத்துவ அறிவியல் நிலையத்தில் ஜெயா சிவசுவாமி தியாகி தலைமையிலான குழுவினர், நோயுண்டாக்கும் எச்37ஆர்வி வகையையும் நோயுண்டாக்காத எச்37ஆர்ஏ வகையையும் ஒப்பிட்டு, முன்னதில் மிகுதியாக இயங்கும் தேவ்ஆர், தேவ்எஸ் ஆகிய மரபணுக்களைக் கண்டறிந்தனர். இவற்றின் பண்புகளை 2000-இல் வெளியிட்டனர். தேவ்ஆர் புரதம் டாஸ்ஆர் என்னும் பெயராலும் அறியப்படுகிறது. ஆக்சிசன் குறையும்போது இது ஏறத்தாழ 48 மரபணுக்களை இயக்குகிறது. தன் மரபணுவுக்கு முன்னுள்ள இடங்களிலும் பிணைந்து தன் உற்பத்தியையும் பெருக்கிக்கொள்கிறது. அதாவது, உறக்கநிலைக்குத் தயாராவதும் ஒரு நேர்ப் பின்னூட்டச் சுற்றின் மூலமே நடைபெறுகிறது.

இக்கிருமியின் மற்றோர் ஒழுங்காக்கி ஃபோபி ஆகும். இது தன் மரபணுவின் தொடக்கப் பகுதியில் பிணைந்து தன்னொழுங்காக்கம் செய்வதைச் சண்டிகரிலுள்ள நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2006-இல் காட்டினர். எச்37ஆர்ஏ வகையில் ஃபோபி புரதத்தின் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியுள்ளது என்பதும், டி.என்.ஏ.யுடன் பிணையும் அதன் திறன் அதனால் கெட்டுள்ளது என்பதும், அவ்வகை நோயுண்டாக்கும் திறனை இழந்ததற்கு இது ஒரு காரணம் என்பதும் 2008-இல் தெரியவந்தன. ஃபோபி மரபணுவையும் வேறொரு மரபணுவையும் நீக்கி உருவாக்கப்பட்ட எம்டிபிவேக் என்னும் தடுப்பூசியின் மருத்துவச் சோதனைகள் 2024-இல் இந்தியாவிலும் தொடங்கின.

சூடோமோனாஸ் மற்றும் எண்ணிக்கை உணர்தல்

ஒரு கூட்டம் நடைபெறக் குறைந்த அளவு உறுப்பினர்கள் வந்திருக்க வேண்டும் என்பது போல, பல பாக்டீரியாக்கள் தம் எண்ணிக்கை போதுமான அளவை எட்டிய பின்னரே சில செயல்களைத் தொடங்குகின்றன. இது எண்ணிக்கை உணர்தல் எனப்படும். கடலில் ஒளிரும் பாக்டீரியாக்களில் இந்நிகழ்வை 1970-இல் கென்னத் நீல்சன், டெர்ரி பிளாட், வுட்லண்ட் ஹேஸ்டிங்ஸ் ஆகியோர் விவரித்தனர்.

விப்ரியோ ஃபிஷரி பாக்டீரியாவில் லக்ஸ்ஐ என்னும் நொதி, அசைல் ஹோமோசெரின் லாக்டோன் வகையைச் சேர்ந்த சிறு மூலக்கூறு ஒன்றை உருவாக்குகிறது. இது உயிரணுவிலிருந்து வெளியேறிச் சுற்றுப்புறத்தில் சேர்கிறது. பாக்டீரியாக்கள் பெருகும்போது இதன் செறிவும் உயர்கிறது. குறிப்பிட்ட செறிவில் இது லக்ஸ்ஆர் என்னும் ஒழுங்காக்கியுடன் இணைய, லக்ஸ்ஆர் டி.என்.ஏ.யில் பிணைந்து ஒளிரும் மரபணுக்களைத் தூண்டுகிறது. லக்ஸ்ஐ மரபணுவும் அதே வரிசையில் இருப்பதால், மூலக்கூறின் உற்பத்தி மேலும் பெருகுகிறது.

தீக்காயம், சிறுநீர்க் குழாய், கருவிழி ஆகிய இடங்களில் தொற்றும் சூடோமோனாஸ் ஏருஜினோசா பாக்டீரியாவில் லாஸ்ஆர் என்னும் புரதம் இதே பணியைச் செய்கிறது. இது 1991-இல் கண்டறியப்பட்டது. திசுக்களைச் சிதைக்கும் எலாஸ்டேஸ் நொதியின் மரபணு இதன் கட்டுப்பாட்டில் உள்ளது. ஆட்கள் சேரும்வரை ஆயுதத்தை வெளிக்காட்டாமல் இருப்பதால், உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு விழிப்படைவதற்கு முன்பே பாக்டீரியாக்கள் பெருகிவிட முடிகிறது எனக் கருதப்படுகிறது. இப்பாக்டீரியாக்கள் உயிர்ப்படலம் என்னும் பிசுபிசுப்பான படலத்துக்குள் கூட்டமாக வாழும்போது நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் அவற்றை எளிதில் அழிப்பதில்லை.

காரைக்குடி ஆய்வுகள்

செட்டிநாட்டுப் பகுதியின் முக்கிய நகரான காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் (1909–1957) நிறுவிய கல்வி நிறுவனங்களின் தொடர்ச்சியாக, 1985-இல் அழகப்பா பல்கலைக்கழகம் தோற்றுவிக்கப்பட்டது. இதன் உயிரித்தொழில்நுட்பவியல் துறையில் சண்முகையா கருத்தபாண்டியன், ஆறுமுகம் வீர ரவி ஆகியோரின் குழுவினர் எண்ணிக்கை உணர்தலையும் உயிர்ப்படலத்தையும் தடுக்கும் பொருட்களை ஆராய்ந்துள்ளனர்.

இவ்வகை ஆய்வுகளில் குரோமோபாக்டீரியம் வயலேசியம் என்னும் பாக்டீரியா பெரிதும் பயன்படுகிறது. இது எண்ணிக்கை உணர்தல் நிகழும்போது வயலேசின் என்னும் ஊதா நிறமியை உருவாக்குகிறது. ஒரு பொருளைச் சேர்த்த பின் பாக்டீரியா வழக்கம்போல் வளர்ந்து, ஊதா நிறம் மட்டும் குறைந்தால், அப்பொருள் பாக்டீரியாவைக் கொல்லாமல் எண்ணிக்கை உணர்தலை மட்டும் தடுத்திருக்கலாம் என அறியலாம்.

2010-இல் வெளியான ஆய்வில் அன்னாசி, வாழை, சப்போட்டா, துளசி ஆகியவற்றின் நீர்ச்சாறுகள் சோதிக்கப்பட்டன. இவை ஊதா நிறமியையும், சூடோமோனாஸ் ஏருஜினோசாவின் பயோசயனின் நிறமி, எலாஸ்டேஸ் நொதி, உயிர்ப்படலம் ஆகியவற்றையும் குறைத்தன. 2012-இல் சீரகமும் அதனுடன் தொடர்புடைய மெத்தில் யூஜெனால் என்னும் சேர்மமும் ஆராயப்பட்டன. 2014-இல் மஞ்சளிலுள்ள குர்க்குமின், சிறுநீர்ப் பாதையில் தொற்றும் பாக்டீரியாக்களின் உயிர்ப்படலத்தைக் குறைப்பதும், வழக்கமான நுண்ணுயிர்க்கொல்லிகளுக்கு அவை எளிதில் பாதிப்படையச் செய்வதும் தெரிவிக்கப்பட்டன. பாக் விரிகுடாவின் கடற்படிவுகளிலிருந்தும் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளிலிருந்தும் எடுக்கப்பட்ட பாக்டீரியாக்களின் சுரப்புகளும் இத்துறையில் சோதிக்கப்பட்டுள்ளன.

வரம்புகள்

மேற்கூறியவை ஆய்வகச் சோதனைகளின் முடிவுகள் ஆகும். சீரகம், மஞ்சள் ஆகியவற்றை உணவில் சேர்ப்பதால் தொற்று குணமாகும் என்று இவற்றிலிருந்து முடிவு செய்தல் தவறாகும். இதற்கான காரணங்கள் பின்வருமாறு:

1. சோதனைக் குழாயில் பயன்படுத்தும் செறிவு, உணவின் வழியாகக் குருதியில் கிடைப்பதில்லை. குறிப்பாகக் குர்க்குமின் உடலில் மிகக் குறைந்த அளவே உறிஞ்சப்படுகிறது. மேலும், அது பலவகைச் சோதனைகளில் தவறான நேர்மறை முடிவுகளைத் தரக்கூடிய சேர்மம் என்பது 2017-இல் வெளியான மதிப்பாய்வில் சுட்டிக்காட்டப்பட்டது.

2. நிறமியோ படலமோ குறைந்தது என்பதால் மட்டும், அப்பொருள் ஒழுங்காக்கிப் புரதத்துடன் நேரடியாக இணைந்தது என்று கூற இயலாது. அதற்குத் தனியே சான்று தேவை.

3. நாட்பட்ட தொற்றுகளில் லாஸ்ஆர் மரபணு பழுதான சூடோமோனாஸ் வகைகள் அடிக்கடி காணப்படுகின்றன. லாஸ்ஆர் புரதத்தைத் தடுக்கும் மருந்தால் அவற்றுக்குப் பாதிப்பு இராது.

4. எண்ணிக்கை உணர்தல் எல்லாப் பாக்டீரியாக்களிலும் ஒரே திசையில் செயற்படுவதில்லை. விப்ரியோ காலரே, எண்ணிக்கை குறைவாக உள்ளபோது நச்சு மரபணுக்களை இயக்கி, எண்ணிக்கை மிகும்போது ஹேப்ஆர் என்னும் ஒழுங்காக்கியின் மூலம் அவற்றை நிறுத்துகிறது. ஹேப்ஆர் தன் மரபணுவையும் தானே ஒடுக்குகிறது. சூடோமோனாஸில் நன்மை தரும் அதே தடுப்பு முறை, காலராவில் நச்சு உற்பத்தியை நீட்டிக்கக்கூடும்.

எனவே ஒவ்வொரு நோய்க்கிருமியிலும் பின்னூட்டச் சுற்று எவ்வாறு அமைந்துள்ளது என்பதை அறிந்த பின்னரே அதற்கான தடுப்பானைத் தேர்ந்தெடுக்க முடியும்.

மருத்துவ முக்கியத்துவம்

மருந்துகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியாத் தொற்றுகளே நேரடிக் காரணமாக 2019-இல் உலகெங்கும் ஏறத்தாழ 12.7 இலட்சம் பேர் இறந்தனர் என 2022-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. நுண்ணுயிர்க்கொல்லிகள் பாக்டீரியாக்களைக் கொல்லும்போது, எதிர்ப்புத் திறன் உடையவை மட்டும் தப்பிப் பெருகுகின்றன. நோயுண்டாக்கும் திறனை மட்டும் முடக்கும் மருந்துகளுக்கு எதிர்ப்புத் திறன் மெதுவாகவே தோன்றும் என்பது இத்துறையின் எதிர்பார்ப்பு ஆகும். எனினும் எதிர்ப்புத் திறன் அறவே தோன்றாது எனக் கூற முடியாது.

2005-இல் விர்ஸ்டாடின் என்னும் சிறு மூலக்கூறு டாக்ஸ்டி புரதத்தின் செயலைத் தடுத்து, எலிக்குட்டிகளின் குடலில் காலராப் பாக்டீரியா குடியேறுவதைத் தடுத்தது. 2010-இல் டாக்ஸ்டி புரதத்தின் முப்பரிமாண அமைப்பு கண்டறியப்பட்டபோது, அதனுள் ஒரு கொழுப்பு அமிலம் பொதிந்திருப்பது தெரியவந்தது. அத்தகைய கொழுப்பு அமிலங்கள் டாக்ஸ்டி புரதம் டி.என்.ஏ.யுடன் பிணைவதைத் தடுக்கின்றன.

தன்னைத் தானே தூண்டும் சுற்று, சிறு தூண்டுதலைப் பெரிய விளைவாக மாற்றுகிறது. அதே காரணத்தால், அச்சுற்றில் ஒரு கண்ணியை அறுத்தாலும் முழு விளைவும் நின்றுபோக வாய்ப்பு உள்ளது. தன்னொழுங்காக்கம் செய்யும் புரதங்கள் மருந்து ஆய்வில் இலக்குகளாகக் கருதப்படுவதற்கு இதுவே அடிப்படையாகும்.

இவற்றையும் பார்க்க

மரபணு வெளிப்பாடு
எண்ணிக்கை உணர்தல்
உயிர்ப்படலம்
காசநோய்
காலரா
அழகப்பா பல்கலைக்கழகம்